எந்தப் புழு என்று தெரிந்து மருந்து கொடுங்கள்

(வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தை, மாசி மாதங்களில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரே காட்சிதான். அறுவடை முடிந்த வயலில் மாடு மேயும். தண்ணீர் வற்றிக்கொண்டு வரும் கண்மாயின் உள்வாயில் பச்சைப் புல்லைத் தேடி ஆடு இறங்கும். ஆறு மாதமாக வைக்கோலையே தின்று அலுத்த மாட்டுக்கு அது விருந்து. அந்த விருந்தோடு சேர்ந்து உள்ளே போகிற ஒரு விருந்தாளியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் வேளாண்மைத் துறைக்காரன். மாட்டு வைத்தியம் என் தொழில் அல்ல. "நெல்லைப் பற்றிச் சொல்லுங்க சார், மாட்டைப் பற்றி டாக்டர் சொல்வார்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயந்தான். ஆனால் இந்த நோய் தொழுவத்தில் பிறப்பதில்லை. நெல் வயலிலும் வாய்க்காலிலும் பிறக்கிறது. ஆகவே இதில் எனக்கும் பங்கு உண்டு.

ஆவுடையார்கோவில் பக்கத்தில் ஒரு பெரியவர் என்னிடம் இப்படிச் சொன்னார்: "ஐயா, மாடு தீனி எடுக்குது, ஆனா உடம்பு ஒட்டல. சாயங்காலம் பார்த்தா தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்குது. விடிஞ்சு பார்த்தா வடிஞ்சு போயிருக்கு. பால் பாதியாக் குறைஞ்சு போச்சு. கடையில புழு மருந்து வாங்கி ரெண்டு தடவை ஊத்திட்டேன். ஒண்ணும் கேக்கல."

அவர் சொன்னதில் நோயின் அடையாளம் அத்தனையும் இருக்கிறது. நாள் முழுவதும் தலையைக் குனிந்து மேயும்போது தாடைக்கு அடியில் நீர் கோர்த்துக்கொள்கிறது. இரவில் தலை நிமிர்ந்து படுத்திருக்கும்போது வடிந்துவிடுகிறது. இரத்தத்தில் சத்துக் குறைந்ததற்கு அது அடையாளம். கண் இமையை விலக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்திருக்கும். வைத்தியம் செய்யாமல் விட்டால் மாடு எலும்பும் தோலுமாகி விழும். ஆட்டுக்கு இன்னும் ஆபத்து; வீக்கம் எதுவும் காட்டாமலே திடீரென்று செத்துவிடுவதும் உண்டு.

பெரியவர் ஊற்றிய மருந்து ஏன் கேட்கவில்லை என்பதுதான் கேள்வி. "புழு மருந்து" என்று பொதுவாகக் கேட்டால் கடையில் கொடுப்பது பெரும்பாலும் உருண்டைப்புழுவுக்கான மருந்து. பிப்பரசின், ஐவர்மெக்டின் ஆகியவை ஈரல் தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. பென்பெண்டசோலும் வழக்கமான அளவில் அதைக் கொல்லாது. நெல்லில் புகையானுக்கு அடிக்க வேண்டிய இடத்தில் குலைநோய் மருந்தை அடித்தால் என்ன ஆகும்? காசு போகும், பயிரும் போகும். இங்கேயும் அதே கதைதான்.

இந்தப் புழு மாட்டுக்குள் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழி தெரிந்தால்தான் அடைக்க முடியும்.

வளர்ந்த புழு மாட்டின் ஈரலில், பித்தக் குழாய்க்குள் குடியிருக்கிறது. பார்ப்பதற்கு வாடிய சிறு இலை மாதிரி, தட்டையாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். அது நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். முட்டை பித்தத்தோடு குடலுக்கு வந்து, சாணத்தோடு வெளியே விழுகிறது. சாணம் காய்ந்த தரையில் கிடந்து காய்ந்துபோனால் முட்டை வீணாகிவிடும். தண்ணீரில் விழுந்தால்தான் அதற்கு வாழ்வு. நம் ஊர் வெயிலுக்கு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு குஞ்சு நீந்தி வெளியே வரும். அதற்கு ஒரு நாள்தான் ஆயுள். அதற்குள் தனக்கென்று விதித்த ஒரு நத்தையைக் கண்டுபிடித்து உள்ளே நுழைய வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும்.

நத்தைக்குள் போனதும் ஒன்று பலவாகப் பெருகுகிறது. ஒரே குஞ்சிலிருந்து நூற்றுக்கணக்கில் வாலுள்ள குஞ்சுகள் உண்டாகி, ஆறு வாரம், இரண்டு மாதம் கழித்து நத்தையை விட்டு வெளியே வரும். அவை நெல் தாளின் அடியிலும் வரப்போரப் புல்லிலும் நீர்ச்செடியிலும் ஒட்டிக்கொண்டு, வாலை உதிர்த்து, தம்மைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்கின்றன. ஊசி முனையளவு புள்ளி. ஈரம் இருக்கும்வரை வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட அப்படியே காத்திருக்கும். மாடு அந்தப் புல்லைத் தின்றதும் ஓடு கரைந்து, குடலைத் துளைத்து, ஈரலுக்குள் புகுந்து, சதையை அரித்துக்கொண்டே வாரக்கணக்கில் பயணம் செய்து பித்தக் குழாய்க்குப் போய்ச் சேரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகும்போது விழுந்த முட்டை, நத்தைக்குள் வளர்ந்து, தை மாதம் புல்லில் வந்து உட்காருகிறது. நாம் மாட்டை இறக்குவதும் அப்போதுதான்!

இதை முதலில் கண்டுபிடித்த கதை சுவையானது. 1879, 1880 ஆண்டுகளில் இங்கிலாந்தில் அடைமழை. அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 30 லட்சம் செம்மறியாடுகள் இந்தப் புழுவால் செத்தன. அதன் பிறகுதான் ஆக்ஸ்போர்டில் தாமஸ் என்ற இளைஞரும், ஜெர்மனியில் லூக்கார்ட் என்ற பேராசிரியரும் தனித்தனியாக ஆராய்ந்து, நத்தைதான் இடைத்தரகர் என்று 1883 வாக்கில் நிறுவினார்கள். சேற்றுக் காற்று, ஈரத் தரை என்று அதுவரை எதையெதையோ பழித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லா நத்தையும் குற்றவாளி அல்ல. நம் வயலில் உருண்டையாக, பெரியதாக இருக்கும் நத்தையை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அதற்கும் ஈரல் புழுவுக்கும் சம்பந்தமில்லை. ஈரல் புழுவைச் சுமப்பது மெல்லிய, லேசான ஓடுள்ள சிறிய நத்தை. கூர்நுனியை மேலே வைத்துப் பிடித்தால் வாய் வலப்பக்கம், மனிதக் காது மாதிரி அகன்று இருக்கும். விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயரிலேயே காது என்ற பொருள் இருக்கிறது. இன்னொன்று, சுருட்டிய பாய் போலத் தட்டையாகச் சுருண்ட நத்தை. இதையும் நம் ஊருணிகளில் ஏராளமாகப் பார்க்கலாம். இது சுமப்பது வேறு இரண்டு புழுக்களை.

இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

தட்டைப்புழு என்றால் ஒன்றல்ல. ஈரலில் ஒன்று. மாட்டின் முதல் வயிற்றில் இளஞ்சிவப்புச் சோளமணி போல ஒட்டிக்கொண்டிருக்கும் வயிற்றுத் தட்டைப்புழு ஒன்று. மூக்குச் சவ்வின் இரத்தக் குழாயில் இருந்துகொண்டு, மாட்டைக் குறட்டை விட வைக்கும் இரத்தத் தட்டைப்புழு ஒன்று. இதை 1933-இல் ராவ் என்ற நம் நாட்டு விஞ்ஞானி விவரித்துப் பெயரிட்டார். தென்னாட்டில் வயிற்றுத் தட்டைப்புழு மிகப் பரவலானது. அதன் குஞ்சுகள் குடலை அரித்தால் ஆட்டுக்கு நாற்றமடிக்கும் கழிச்சல் கண்டு, மந்தையே படுத்துவிடும். அதற்கும் தாடை வீங்கும். போதாக்குறைக்கு, உருண்டைப்புழுவில் இரத்தம் குடிக்கும் சாதி ஒன்று இருக்கிறது. அதற்கும் தாடை வீங்கும். ஆகவே வீக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இன்ன புழு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சாணத்தைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஈரல் புழுவின் முட்டை பித்தத்தில் ஊறியதால் மஞ்சளாக இருக்கும். வயிற்றுப் புழுவின் முட்டை நிறமில்லாமல் கண்ணாடி போலிருக்கும். பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் போதும். ஆனால் ஈரல் புழுவிலேயே இரண்டு சாதி உண்டு. குளிர்நாட்டுச் சாதி சுமார் 2 முதல் 3 செண்டிமீட்டர் நீளம். வெப்பநாட்டுச் சாதி அதைவிட நீளம், 7 செண்டிமீட்டர் வரை போகும். இந்த இரண்டாவதை 1855-இல் கோபால்ட் என்பவர் ஒட்டகச்சிவிங்கி ஒன்றின் ஈரலிலிருந்து எடுத்து முதலில் விவரித்தார். நீளத்தை அளந்தால் போயிற்றே என்று தோன்றும். போகாது. எந்த மிருகத்தில் வளர்ந்தது, எத்தனை நாள் வளர்ந்தது, ஒரே ஈரலில் எத்தனை புழு நெருக்கியடித்தது என்பதைப் பொறுத்து அளவு மாறிவிடும். வண்டல் மண்ணில் இடுப்பளவு வளரும் நெல், செம்மண்ணில் முழங்காலளவு நிற்பதில்லையா? பயிரைப் பார்த்துச் சாதி சொல்ல முடியாதபோது விதையின் பரம்பரையைத்தானே கேட்கிறோம்!

புழுவின் பரம்பரையைக் கேட்கும் முறைதான் மரபணுப் பரிசோதனை.

உங்கள் வீட்டில் நிலப் பத்திரம் இருக்கும். இரண்டு நிலத்துக்கான பத்திரங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். முக்கால்வாசி வாசகம் ஒன்றேதான். சர்வே எண், நான்கு எல்லை, விஸ்தீரணம் என்று சில இடங்களில் மட்டும்தான் வித்தியாசம். அந்தச் சில எழுத்தில்தான் சொத்தே இருக்கிறது. அதேபோல ஒவ்வொரு உயிரின் ஒவ்வொரு அணுவறைக்குள்ளும் டி.என்.ஏ. என்ற ஒரு பத்திரம் இருக்கிறது. அது நான்கே நான்கு எழுத்தால் எழுதப்பட்டது. இரண்டு சாதி ஈரல் புழுக்களுக்கும் அந்தப் பத்திரத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதியை எடுத்துக்கொண்டால், சுமார் 360 எழுத்துகளில் ஐந்தாறு இடத்தில்தான் வித்தியாசம். அந்த ஐந்தாறு எழுத்தை வாசித்துவிட்டால் புழு தன் சாதியை மறைக்க முடியாது. முழுப் புழுகூட வேண்டாம். ஒரு சிறு துணுக்குப் போதும், ஒரு முட்டையை வைத்துக்கூட முயலலாம்.

அவ்வளவு சிறிய துணுக்கிலிருந்து எப்படி வாசிப்பது? கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்களே, பி.சி.ஆர். பரிசோதனை என்று, அதே முறைதான். 1983-இல் அமெரிக்காவில் கேரி முல்லிஸ் என்பவர் கண்டுபிடித்தது. 1993-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வேண்டிய பகுதியை மட்டும் நகலெடுத்து ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, நான்கை எட்டாக்கி என்று முப்பது சுற்று ஓட்டினால் 100 கோடிக்கு மேல் நகல் ஆகிவிடும். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் கதைதான், இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு சின்னக் குழாய்க்குள் நடக்கிறது.

நம் நாட்டில் இந்த வேலையை நன்றாகவே செய்திருக்கிறார்கள். 2008-இல் ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தார், அந்தப் பகுதி மாடுகளின் ஈரலிலிருந்து எடுத்த புழுக்களின் மரபணுவை வாசித்து, அவை வெப்பநாட்டுச் சாதியே என்று காட்டினார்கள். பின்னர் 2020-இல் அதே பல்கலைக்கழகத்தார் அந்தப் புழுவின் முழுப் பத்திரத்துக்கும் ஒரு வரைவை வெளியிட்டார்கள். இந்தியச் சமவெளியில் உள்ளது பெரும்பாலும் இந்தச் சாதிதான். குளிர்நாட்டுச் சாதியின் நத்தைக்கு நம் வெயில் ஒத்துக்கொள்ளாது. ஜப்பான், கொரியா முதலிய நாடுகளில் இரண்டு சாதியும் கலந்து உண்டான கலப்புப் புழு இருப்பதும் மரபணுவை வாசித்த பிறகுதான் உறுதியாயிற்று. அந்தக் கலப்புப் புழு விந்து இல்லாமலே முட்டை வைத்துப் பெருகுகிறது! மாட்டிலே கலப்பினம் நமக்கு லாபம். புழுவிலே கலப்பினம் யாருக்கு வேண்டும்?

எனக்கு இவற்றிலெல்லாம் முக்கியமாகப் படுவது உத்தரப் பிரதேசத்தில் இஜத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் 2004-இல் வெளியிட்ட முறை. நத்தையின் உடலுக்குள் ஈரல் புழுவின் குஞ்சு இருக்கிறதா என்பதை பி.சி.ஆர். மூலம் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். முன்பெல்லாம் நத்தையை நசுக்கிக் கருவியில் பார்ப்பார்கள். உள்ளே ஏதோ குஞ்சு இருப்பது தெரியும். எந்தப் புழுவின் குஞ்சு என்று பிரிப்பது கடினம். இப்போது மாடு நோயில் விழுவதற்கு முன்பே, இந்தக் கண்மாய் ஆபத்து, அந்தக் கண்மாய் பரவாயில்லை என்று சொல்ல வழி பிறந்திருக்கிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாயும் குளமும் உள்ள நம் மாவட்டத்துக்கு இது எவ்வளவு தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"எல்லாம் சரி, கீரனூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் இந்தப் பரிசோதனை செய்வார்களா?" என்று கேட்பீர்கள். செய்ய மாட்டார்கள். இது ஆராய்ச்சிக்கூடத்து வேலை. ஆனால் அதன் முடிவு உங்கள் தொழுவத்துக்கு இன்றைக்கே பயன்படும். எப்படியென்று கேளுங்கள்.

வெப்பநாட்டுச் சாதி மெதுவாக வளரும். மாட்டின் வயிற்றுக்குள் போய் முட்டை வைக்க 13 முதல் 16 வாரம் ஆகிறது. அதாவது தை மாதம் தின்ற புழு சித்திரை வரையில் முட்டையே போடாது. மாசியில் சாணம் கொடுத்து, "முட்டை இல்லை" என்று சீட்டு வந்தால், புழு இல்லை என்று அர்த்தமில்லை. அந்த மாட்டின் சாணத்தை வைகாசியில் மறுபடி கொடுக்க வேண்டும். மருந்திலும் இதே கணக்கு உண்டு. ஆக்சிக்ளோசனைடு என்ற மருந்து வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். ஈரல் சதைக்குள் அலையும் இளம்புழுவைத் தொடாது. டிரைக்ளபெண்டசோல் இளம்புழுவையும் கொல்லும். ஆனால் வயிற்றுத் தட்டைப்புழுவுக்கு அது பயன்படாது. அல்பெண்டசோல் கூடுதல் அளவில் வளர்ந்த ஈரல் புழுவைக் கொல்லும். ஆனால் சினை பிடித்த தொடக்கத்தில் அதைக் கொடுக்கக் கூடாது. பார்த்தீர்களா, எந்தப் புழு, என்ன வயது, மாட்டின் நிலை என்ன என்று மூன்றும் தெரிந்தால்தான் மருந்து. ஆகவே மருந்தின் பெயரை நான் சொன்னேன் என்று கடைக்குப் போய்விடாதீர்கள். அளவும், மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதும் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டியவை. கண்டபடி கொடுத்தால் இன்னொரு கேடும் உண்டு. டிரைக்ளபெண்டசோலுக்குக் கட்டுப்படாத புழு ஆஸ்திரேலியாவில் உண்டாகிவிட்டது என்று 1995-லேயே எழுதினார்கள். அதன் பிறகு பல நாடுகளில் அந்தச் சேதி வந்தது.

மானாவாரி, கண்மாய்ப் பாசனப் பகுதிக்கு என் யோசனை இது: தையில் மேய்ந்த மாட்டுக்கு ஆனி, ஆடிக்குள், புழு முழுதும் வளர்ந்திருக்கும் சமயம் பார்த்து மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்துவிட்டால், ஐப்பசி மழையில் விழும் சாணத்தில் முட்டை இராது. நத்தை சும்மா கிடக்கும். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாமல் போகலாம். அங்கே தண்ணீர் முன்னாலேயே வந்துவிடும். உங்கள் மருத்துவரிடம் தண்ணீர் வரும் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

தஞ்சைப் பக்கம் கிடை போடப் போகும் கீதாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அறுவடை முடிந்த ஈர வயலில்தான் உங்கள் ஆடு மாதக்கணக்கில் மேய்கிறது. போகும்போது மருந்து கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்று நினைக்கிறீர்கள். திரும்பி வந்த பிறகு சாணம் பார்ப்பதுதான் அதைவிட முக்கியம்.

வயலில் செய்ய வேண்டியது என் இலாகா. பச்சைச் சாணத்தை நேரே வயலில் கொட்டாதீர்கள். எருக்குழியில் போட்டு மக்க விடுங்கள். குழியின் சூட்டில் முட்டை அழிந்துவிடும், உரமும் நல்ல உரமாகும். வைக்கோலை ஈரத்தோடு மாட்டுக்குப் போடாதீர்கள். புழுவின் ஓடு ஒட்டியிருப்பது தாளின் அடிப்பாகத்தில். இந்தோனேசியாவில், ஜாவாத் தீவில் நம்மைப் போலவே நெல்லும் மாடும் வைத்திருப்பவர்களிடம் ஆராய்ச்சி செய்து, தாளின் அடியை விட்டு மேல்பாகத்தை மட்டும் தீனியாகப் போடவும், வைக்கோலை மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போடவும் சொன்னார்கள். அடியை ஒரு சாண் விட்டு அறுத்தாலே பாதி ஆபத்துக் குறையும் என்பேன். அங்கேயே இன்னொரு தந்திரமும் செய்தார்கள். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே வாத்துக் கொட்டிலை வைத்தார்கள். வாத்தின் எச்சத்தில் வரும் வேறொரு புழுவின் குஞ்சு அதே நத்தைக்குள் புகுந்து, ஈரல் புழுவின் குஞ்சைத் தின்றுவிடுகிறதாம். திருடனைப் பிடிக்கத் திருடனையே விட்டிருக்கிறார்கள்! வாத்து நத்தையையும் தின்னும் என்பது உங்களுக்கே தெரிந்ததுதான்.

கண்மாய்க் கரையில் மாட்டை இறக்கித் தண்ணீர் காட்டுவதற்குப் பதில் தொட்டி கட்டிக் காட்டுங்கள். வற்றிவரும் உள்வாயின் விளிம்பிலுள்ள பச்சைப் புல்தான் மிக மோசமான இடம். இளங்கன்றையும் குட்டியையும் அங்கே விடவே கூடாது. மனிதருக்கும் இந்தப் புழு வரும். நீர்ச்செடியையும் வாய்க்கால் கீரையையும் பச்சையாகத் தின்றால் வரும். வேக வைத்தால் பயமில்லை. புழு இருந்த ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டவருக்கு அதனால் இந்த நோய் ஒட்டாது. ஆனாலும் அதை வாங்க வேண்டியதில்லை.

சாணம் கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தரையில் கிடந்த சாணம் வேண்டாம். மாடு போடும்போதே பிடித்த புதுச் சாணம், கைப்பிடியளவு. சுத்தமான உறையில் போட்டு, எந்த மாடு, என்ன வயது, எங்கே மேய்ந்தது என்று சீட்டு எழுதிக் கட்டி, வெயில் படாமல் அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். ஒரு மாட்டோடு நிறுத்தாமல் மந்தையில் நாலைந்து மாட்டுக்கு எடுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்தால் அவர்களே பார்ப்பார்கள், அல்லது மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

செத்த ஆட்டை அறுத்துப் பார்க்கும்போதோ, கசாப்புக் கடையிலோ ஈரலில் புழு தென்பட்டால் அதை வீசி எறியாதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, மருத்துவரிடம் கேட்டு வாங்கிய சாராயச் சத்தில், அதாவது ஸ்பிரிட்டில், போட்டு மூடி வையுங்கள். பார்மலினில் போடக் கூடாது. அது புழுவின் உருவத்தைக் காக்கும், மரபணுவைக் கெடுத்துவிடும். புட்டியின் மேல் ஊர்ப் பெயரும் தேதியும், எந்தக் கண்மாயில் மேய்ந்த ஆடு என்பதும் எழுதியிருக்கட்டும். நமக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் 2012-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. உங்கள் மருத்துவர் மூலமாக அங்கே அனுப்பிக் கேட்கலாம். பேர் எழுதாத புட்டியை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். எந்தக் கண்மாய்ப் புழு என்று யாருக்கும் தெரியாது.